ஆறாவது பாட்டு

சங்கமித்ராவின் இரண்டாவது ஆல்பம் வெளியான வெள்ளிக்கிழமை மத்தியானம், மெடிக்கல் ஷாப்பில் கூட்டம் குறைந்த நேரம் பார்த்து சரளா காதில் இயர்போனைச் செருகிக்கொண்டாள். ஆல்பத்தின் பெயர் 'மெதுவா'. மொத்தம் ஒன்பது பாட்டு. முதல் ஐந்தையும் மாத்திரை அட்டைகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டே கேட்டாள். ஆறாவது பாட்டின் பெயர் 'ஹெல்மெட்'. அதன் முதல் நாலு வரி முடிந்ததும் கையிலிருந்த அட்டைகளைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

பிரிட்ஜு மேல ஹெல்மெட்டு
தெனம் தொடைக்கிறா அம்மா
தலையில்லாத ஹெல்மெட்டுக்கு
தூசு எங்கிருந்து வருதும்மா

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் சரளாவும் அவள் அம்மா அன்னம்மாளும் குடியிருந்த வீட்டில், பிரிட்ஜ் மேல் அப்படி ஒரு ஹெல்மெட் இருந்தது. சரளாவின் தம்பி ஜெயராஜுடையது. அன்னம்மாள் தினமும் காலையில் அதைத் துடைத்து வைப்பாள்.

ஜெயராஜ் ஏசி சர்வீஸ் மெக்கானிக். அக்காவைவிடப் பதினொரு வயது சின்னவன். இரண்டரை வருடத்துக்கு முன், ஓர் அக்டோபர் மாதச் சாயங்காலம், பக்கத்தில்தானே வேலை என்று ஹெல்மெட் இல்லாமல் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினான். ஹென்னூர் ரோட்டில் மழையில் வண்டி சறுக்கியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது. இருபத்தாறு வயது.

அன்று ஆறு மணி பத்து நிமிடத்துக்கு அவன் சரளாவுக்கு போன் செய்தான். காய்ச்சல் சீசன், கடையில் கூட்டம் நெரிந்தது. கவுன்ட்டர் மேல் போன் அதிர்வதையும் திரையில் தம்பி பெயரையும் அவள் பார்த்தாள். இந்த நாலு பேரை அனுப்பிவிட்டுக் கூப்பிடலாம் என்று நினைத்தாள். நாலு பேர் போய் ஆறு பேர் வந்தார்கள். ஏழு மணிக்கு அதே நம்பரிலிருந்து வேறு யாரோ பேசினார்கள்.

அந்த எடுக்காத போனைப் பற்றி அவள் அம்மாவிடம் சொல்லவில்லை. சர்ச்சிலும் சொல்லவில்லை. பாதிரியாரிடம் சொன்னால் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். உறவுக்காரர்களிடம் சொன்னால் அது ஊர் பூரா போய்விடும். இரண்டு மாதம் அதை நெஞ்சிலேயே வைத்திருந்துவிட்டு, ஒருநாள் தம்பியின் போனிலிருந்தே சங்கமித்ராவுக்கு எழுதினாள். அவன் உயிரோடு இருந்தபோது யாருடைய ஷோவுக்காக வேலையைக்கூட விட்டுவிட்டு ஓடினானோ, அவளுக்கு. ஹெல்மெட், அம்மா துடைப்பது, அடித்த போன், எடுக்காத கை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதி அனுப்பினாள். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. முன்வரிசையில் நின்று டவல் சுற்றுவாரே, அவர்தானா என்று கேட்டிருந்தாள் சங்கமித்ரா. என்ன சொல்வதென்று தெரியவில்லை அக்கா, உங்களை நினைத்துக்கொள்கிறேன் என்று முடித்திருந்தாள். அதற்கு மேல் இருவரும் எழுதிக்கொள்ளவில்லை.

சங்கமித்ரா ஸ்ரீராம்புரத்துப் பெண். அப்பா கார்ப்பரேஷனில் தெரு பெருக்கும் வேலை பார்த்தவர். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, கிடாரை வைத்துக்கொண்டு பாடுவாள். முதல் ஆல்பம் 'நாலாவது கிராஸ்' வந்தபோது அவளுக்கு இருபத்து மூன்று வயது. அதில் இருந்த 'பவர் கட்' என்ற பாட்டுதான் அவளைப் பெங்களூர் பூராவும் கொண்டுபோய்ச் சேர்த்தது. மேடையில் அந்தப் பாட்டு ஆரம்பித்ததும் ஹாலில் விளக்கையெல்லாம் அணைத்துவிடுவார்கள். கூட்டம் போன் லைட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதிக்கும். ஜெயராஜ் ஒரு ஷோவைக்கூட விட்டதில்லை. பிறகு அவள் ஏறக்குறைய மூன்று வருடம் எங்கேயும் பாடவில்லை. இப்போது 'மெதுவா'.

சரளா பாட்டை மறுபடி முதலிலிருந்து கேட்டாள். அது அக்கா பாடுவதுபோல் எழுதப்பட்டிருந்தது. அவள் எழுதி அனுப்பிய எல்லாமே அதில் இருந்தது. ஒன்று மட்டும் மாறியிருந்தது.

போன் அடிச்சுது, எடுத்தேன்
அக்கான்னு கூப்பிட்ட, கேட்டேன்
மழைச் சத்தத்துல மீதியெல்லாம்
கரைஞ்சு போச்சு, விட்டேன்

கவுன்ட்டரில் ஒரு பெரியவர் சீட்டை நீட்டிக்கொண்டு நின்றார். சரளா எழுந்து போய் அவருக்கு மருந்தை எடுத்துக் கொடுத்தாள். எப்போது சாப்பிட வேண்டும் என்று அவர் கேட்டதற்கு இரண்டு தடவை தப்பாகச் சொல்லி, பிறகு திருத்தினாள்.

ஜெயராஜின் நம்பரை அவள் இன்னும் உயிரோடுதான் வைத்திருந்தாள். மாதாமாதம் ரீசார்ஜ் செய்தாள். சங்கமித்ரா ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்த நம்பர் ஆரம்பத்திலிருந்தே இருந்தது. ஷோவில் பார்த்துக்கொள்வதோடு சரி என்று பழகியவர்கள்தான் அதில் அதிகம். ஷோக்கள் நின்றுபோன சமயத்தில் அவன் செத்ததால் யாருக்கும் தெரியவில்லை. குழுவை விட்டு வெளியே வர அவளுக்கு மனம் வரவில்லை. அவன் பிறந்தநாளுக்கு யாராவது வாழ்த்துச் சொன்னால், தயங்கித் தயங்கி ஒரு கைகூப்பும் படத்தை அனுப்பிவிடுவாள். அனுப்பிய பிறகு அன்றைக்கெல்லாம் மனது உறுத்தும்.

அந்த வாரக் கடைசி முழுக்கக் குழு கொதித்தது. பேரிலேயே சொல்லிவிட்டாள், ஆல்பத்தைக் கேட்கத் தலையணை வேண்டும் என்று ஒருவன் எழுதினான். பணக்கார வீட்டுப் பார்ட்டிகளுக்குப் பாட ஆரம்பித்துவிட்டாள், அதனால்தான் குரலைத் தாழ்த்திக்கொண்டாள் என்றான் இன்னொருவன். சந்தாபுராவில் தங்கி ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் தாரணி என்ற திருவண்ணாமலைப் பெண், ஆல்பம் தனக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது என்று நீளமாக எழுதினாள். ஊரை விட்டு வந்து நாலு வருடத்தில் முதல்முறையாக யாரோ பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருக்கிறது என்றாள். அவளுக்கு ஆதரவாகவும் பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள்.

எதிர்ப்பக்கத்தில் முன்னால் நின்றவன் சீனு. ஸ்ரீராம்புரத்துக்காரன், எலக்ட்ரீஷியன், சங்கமித்ரா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவன். குழுவை ஆரம்பித்தவனும் அவன்தான். மற்றவர்களைப்போல அவன் கிண்டல் செய்யவில்லை. குரலில் பேசி அனுப்பினான். அதை சரளா பலமுறை கேட்டாள்.

"அவ நம்ம ஏரியா பொண்ணு. அழறதுக்கு எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேணாம், வீட்டுக்கு வீடு அழுதுட்டுத்தான் இருக்காங்க. ஆடறதுக்குத்தான் அவ வேணும். அதுலயும் அந்த ஹெல்மெட் பாட்டு சும்னே டிராமா, சும்மா கட்டுன கதை. யாரோ செத்தாங்களாம், கடைசியா போன் பண்ணாங்களாம், அக்கா எடுத்தாங்களாம். சினிமால கூட இப்படி நடக்காது."

சரளாவுக்குக் கோபம் வரவில்லை. அப்படி நடக்கவில்லை என்பது அவளுக்கும் தெரியும்தானே.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஜெ.பி. நகர் பக்கம் ஒரு ஹாலில் முதல் ஷோ. கூட வேலை பார்க்கிற பெண்ணின் வீட்டு விசேஷம் என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு சரளா போனாள். தம்பி இருந்தபோது அவன் எவ்வளவோ கூப்பிட்டும் அவள் போனதில்லை. அறுநூறு பேர் இருக்கும். பாதிப்பேர் நாற்காலியில் உட்காராமல் மேடைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். சங்கமித்ரா கிடாரோடு தனியாக வந்து உட்கார்ந்தாள். போட்டோவில் பார்த்ததைவிட மெலிந்திருந்தாள்.

முதல் இரண்டு புதுப் பாட்டுவரை கூட்டம் பொறுத்திருந்தது. மூன்றாவது பாட்டின் நடுவில் யாரோ 'பவர் கட்' என்று குரல் கொடுத்தார்கள். பிறகு ஒவ்வொரு பாட்டுக்கும் இடையில் அது கேட்டது. சங்கமித்ரா லேசாகத் தலையாட்டிவிட்டு அடுத்த புதுப் பாட்டுக்குப் போனாள். 'ஹெல்மெட்' ஆரம்பித்தபோது முன்னால் இருந்தவர்கள் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் குடிக்க இதுதான் நேரம் என்று சில பேர் வெளியே போனார்கள். நாற்காலி வரிசைகளில் இருந்தவர்கள் அசையாமல் கேட்டார்கள். சரளாவுக்கு இரண்டு இடம் தள்ளி ஒரு நடுவயதுப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். யாருக்காக அழுகிறாளோ தெரியவில்லை. 'போன் அடிச்சுது, எடுத்தேன்' என்ற வரி வந்தபோது சரளா கண்ணை மூடிக்கொண்டாள். அறுநூறு பேருக்கு முன்னால் தனக்காக யாரோ பொய்ச்சாட்சி சொல்வதுபோல் இருந்தது.

கடைசியில் 'பவர் கட்' வந்தது, ஆனால் மெதுவாக, தாலாட்டு மாதிரி. விளக்கை அணைக்கவில்லை. கூட்டத்தில் பாதி கோபித்துக்கொண்டு அப்போதே கிளம்பியது. வாசலில் சீனுவை அவள் பார்த்தாள். குழுவில் இருந்த போட்டோவால் அடையாளம் தெரிந்தது. அவன் கத்தவில்லை. சுவரில் சாய்ந்து தலையைக் குனிந்து நின்றிருந்தான்.

ஷோ முடிந்து, ஓரமாக ஒரு மேஜை போட்டு சங்கமித்ரா கையெழுத்துப் போட்டுக்கொடுத்தாள். சரளா வரிசையின் கடைசியில் நின்றாள். தன் முறை வந்ததும், நான்தான் ஜெயராஜோட அக்கா என்று மட்டும் சொன்னாள். சங்கமித்ராவின் கையிலிருந்த பேனா நின்றது. எழுந்து அவளை மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஒயர்ச் சுருள்கள் கிடந்த இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியைக் காலி செய்து ஒன்றில் அவளை உட்கார வைத்தாள்.

"கேட்டிருக்கணும் அக்கா," என்றாள் சங்கமித்ரா. "மூணு தடவ டைப் பண்ணி அழிச்சேன். கேட்டா நீங்க வேணாம்னு சொல்லிடுவீங்கன்னு பயம்."

"வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்."

"தெரியும். அதனாலதான் கேக்கல. தப்புதான்."

இவ்வளவு நேராக ஒப்புக்கொள்வாள் என்று சரளா எதிர்பார்க்கவில்லை. கேட்க வைத்திருந்த கேள்விகள் பாதி அவளுக்கு மறந்துபோயின. ஒன்றை மட்டும் கேட்டாள்.

"நான் போன எடுக்கலன்னுதானே எழுதினேன். நீங்க ஏன் எடுத்தேன்னு மாத்தினீங்க?"

 எடுக்கவில்லை என்றுதான் முதலில் எழுதியதாகவும், பாடிப் பார்க்கும்போதெல்லாம் அந்த வரியில் குரல் நின்றுவிட்டதாகவும் சங்கமித்ரா சொன்னாள். "பாட்டுலயாவது எடுத்துடட்டும்னு தோணுச்சு அக்கா. உங்களுக்காகத்தான் மாத்தினேன்."

"பாட்டுல எடுக்கறது ஈஸி," என்றாள் சரளா.

 ஷோவில் இந்தப் பாட்டை எடுத்துவிடச் சொல்லி எல்லோரும் சொல்கிறார்கள், யார் சொன்னாலும் கேட்கமாட்டேன், நீங்கள் சொன்னால் இனி ஒருநாளும் பாடமாட்டேன் என்றாள் சங்கமித்ரா. யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு சரளா வந்துவிட்டாள். பஸ்ஸில் வரும்போது, திட்டவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை என்று தன்மேலேயே எரிச்சலாக இருந்தது.

அவள் யோசித்து முடிப்பதற்குள் பாட்டு வீட்டுக்கே வந்துவிட்டது. மாடியில் குடியிருக்கும் காலேஜ் பெண் அனுஷா, அன்னம்மாளிடம் ஒட்டுதலாகப் பழகுபவள். புதன்கிழமை சாயங்காலம் மோர் வாங்க வந்தவள், உங்க வீட்டு பிரிட்ஜ் மாதிரியே ஒரு பாட்டு வந்திருக்கு ஆன்ட்டி என்று தன் போனில் போட்டுக்காட்டிவிட்டுப் போயிருக்கிறாள். அவளுக்கு எந்த உள்நோக்கமும் இல்லை.

சரளா வேலை முடிந்து வந்தபோது அன்னம்மாள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். கான்வென்ட் ஹாஸ்டல் சமையலறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவள், சும்மா உட்கார்ந்து சரளா பார்த்ததில்லை. மேஜை மேல் ஒன்றும் இல்லை. கை இரண்டும் மடியில் இருந்தது.

"அன்னிக்கு அவன் உனக்கு போன் பண்ணானா?" என்று கேட்டாள்.

சரளா பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "பண்ணான்."

"என்ன சொன்னான்?"

பொய் சொல்ல அவளுக்கு வழி இருந்தது. பாட்டே அதை எழுதிக் கொடுத்திருந்தது. அக்கா என்று கூப்பிட்டான், மழையில் மீதி கேட்கவில்லை என்று சொன்னால் போதும், அம்மா நம்பிவிடுவாள். சரளாவுக்கு வாய்வரை வந்தது.

"எடுக்கல மம்மி," என்றாள். "கடைல கூட்டம். அப்புறம் கூப்பிடலாம்னு விட்டுட்டேன்."

 அன்னம்மாள் எழுந்து போய்த் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள். அன்றைக்கு மட்டும் இல்லை, அடுத்த மூன்று நாளும் அவள் அதைப்பற்றிப் பேசவில்லை. சாப்பிட வா, தண்ணி வருது, கதவைப் பூட்டு, அவ்வளவுதான். சரளா கடையிலிருந்து வீட்டுக்கு வரப் பயந்தாள். சனிக்கிழமை வேண்டுமென்றே கண்டோன்மென்ட் ஸ்டேஷன்வரை நடந்து சுற்றிவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து திரும்பி வரும் வழியில், நடந்துகொண்டே, அன்னம்மாள் பேசினாள். முகத்தைத் திருப்பவில்லை.

"நீ எடுக்காதது எனக்குப் பெருசா தெரியல. அவன் சும்மாவே நாலு தடவ போன் பண்றவன். பன்னு வாங்கட்டுமா, பிரெட்டு வாங்கட்டுமான்னு கேப்பான். ஆனா என்கிட்ட சொல்லாம யாரோ ஒரு பாட்டுக்காரிகிட்ட போய்ச் சொல்லியிருக்க பாரு. ரெண்டு வருஷமா நானும் நீயும் ஒரே மேஜைல சாப்பிட்டோம்."

சரளா நின்றுவிட்டாள். அம்மா நாலடி முன்னால் போய், அவள் வராததைப் பார்த்து நின்றாள். ரோட்டோரத்திலேயே சரளா அழுதாள். அன்னம்மாள் அவள் கையைப் பிடித்து ஒரு வீட்டுக் காம்பவுண்டு நிழலுக்குக் கூட்டிப்போனாள். தான் ஒருத்தி இருக்கும்போது இப்படித் தனியாகச் சுமந்திருக்க வேண்டாம் என்றாள். பிறகு, சரளா கொஞ்சம் அடங்கியதும், அந்தப் பாட்டுக்காரிக்கு ஒன்று சொல் என்றாள்.

"அவள மாத்திப் பாடச் சொல்லு. எடுக்கலன்னே பாடட்டும்."

அம்மா தன்னைத் தண்டிக்கிறாளோ என்று சரளாவுக்குத் தோன்றியது. ஏன் என்று கேட்டாள்.

"எடுத்தேன்னு பாடினா, அவன் என்ன சொன்னான்னு நான் தெனம் உன்னக் கேக்கணும்போல இருக்கும். எடுக்கலன்னா கேக்க ஒண்ணும் இல்ல. எனக்கும் நிம்மதி, உனக்கும் நிம்மதி."

அன்று மத்தியானமே சரளா எழுதி அனுப்பினாள். பாடுங்கள், ஆனால் நடந்ததைப் பாடுங்கள், இது எங்கள் அம்மா சொன்னது என்று. சரி அக்கா என்று இரண்டு வார்த்தையில் பதில் வந்தது.

இரண்டாவது ஷோ ஐந்து வாரம் கழித்து வசந்த்நகர் பக்கம் ஒரு ஹாலில் நடந்தது. அன்னம்மாள் தானும் வருவேன் என்றாள். கிறிஸ்துமஸுக்குக் கட்டுகிற பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டாள். இந்தமுறை கூட்டம் குறைவு. 'மெதுவா' பிடிக்காதவர்களில் பலர் வரவில்லை. வந்தவர்கள் பழசையும் கேட்கலாம் என்று வந்தவர்கள். அன்னம்மாள் முதல் வரிசை நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பிரசங்கம் கேட்பதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

ஆறாவதாக அந்தப் பாட்டு வந்தது. சங்கமித்ரா முன்கூட்டி ஒன்றும் சொல்லவில்லை. பாதிப் பாட்டு வந்ததும் ஒரு நொடி கிடாரை நிறுத்தினாள்.

போன் அடிச்சுது, எடுக்கல
கூட்டம் இருந்துச்சு, எடுக்கல
என்ன சொல்லக் கூப்பிட்டியோ
இன்னும் எனக்குக் கிடைக்கல

இரண்டாவது வரியில் அவள் குரல் உடைந்தது. உடைந்ததை மறைக்காமல் பாடி முடித்தாள். ஆல்பத்தை மனப்பாடமாக வைத்திருந்தவர்களிடம் ஒரு சலசலப்பு எழுந்தது.  பின்னாலிருந்து யாரோ ஒருவன், எடுக்காட்டி அப்புறம் என்ன பாட்டு என்று சத்தமாகவே சொன்னான். பக்கத்தில் இருந்தவர்கள் அவனை அடக்கினார்கள். சரளா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அன்னம்மாள் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தாள், சரியாகச் சொன்ன பிள்ளைக்கு டீச்சர் ஆட்டுவதுபோல். கண்ணில் நீர் இருந்தது, துடைக்கவில்லை.

கடைசியில் விளக்கெல்லாம் அணைந்து 'பவர் கட்' பழைய வேகத்திலேயே வந்தது. எல்லோரும் எழுந்து குதித்தார்கள். அன்னம்மாள் பயந்து சரளாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இதுக்குத்தான் அவன் ஓடி ஓடி வருவானா என்று காதருகில் கேட்டாள். இதுக்குத்தான் என்றாள் சரளா.

மறுநாள் குழுவில் சண்டை வேறுமாதிரி ஆரம்பித்தது. ஆல்பத்தில் எடுத்தாள், மேடையில் எடுக்கவில்லை, எது உண்மை என்று கேட்டார்கள். ரசிகர்கள் திட்டியதற்குப் பயந்து மாற்றிவிட்டாள் என்று ஒருவன் எழுதினான். பழைய வரிதான் தன்னைத் தூங்க வைத்தது, அதையும் கெடுத்துவிட்டாள் என்று தாரணியே வருத்தப்பட்டாள். நேரில் போயிருந்த மூன்று பேர், அந்த வரியைக் கேட்டபிறகு வேறு எதையும் கேட்க முடியவில்லை என்றார்கள். சீனு ஒரே ஒரு கேள்வி கேட்டான். இல்லாத ஒருத்தனைப் பற்றிய பாட்டில் எதை மாற்றினால் என்ன?

சரளா கடைக்குப் பின்னால் மருந்துப் பெட்டிகள் அடுக்கிய இடத்தில் நின்று தம்பியின் போனில் எழுதினாள். நான் ஜெயராஜ் இல்லை, அவனுடைய அக்கா. அவன் இறந்து இரண்டரை வருடம் ஆகிறது. இத்தனை நாள் சொல்லாததற்கு மன்னித்துவிடுங்கள். அந்தப் பாட்டு அவனைப் பற்றியது. போனை நான் எடுக்கவில்லை. அனுப்பிவிட்டு மறுபடி கவுன்ட்டருக்குப் போனாள்.

 பத்து நிமிடம் கழித்து இரங்கல்கள் வந்தன. தாரணி, தான் எழுதியதை அழித்துவிட்டதாகவும் மன்னிக்கும்படியும் தனியாக எழுதினாள். அழித்திருக்க வேண்டாம், பழைய வரி உனக்கு உதவியிருந்தால் அதையே கேள் என்று சரளா பதில் போட்டாள். எல்லோரும் நம்பவில்லை. ஆல்பம் ஓடாததால் சங்கமித்ராவின் ஆட்கள் செய்கிற வேலை இது என்று ஒருவன் எழுதிவிட்டுக் குழுவை விட்டே போனான். செத்தவன் பேரில் இத்தனை நாள் எங்களை ஏமாற்றியது சரியா என்று இன்னொருத்தி கேட்டாள்.  சரியில்லை என்று மட்டும் சரளா எழுதினாள்.

சாயங்காலம் சீனு போன் செய்தான். அவனை எங்கே அடக்கம் செய்திருக்கிறீர்கள் என்று கேட்டான். கல்பள்ளி கல்லறைத் தோட்டம் என்று சொன்னாள்.

அடுத்த ஞாயிறு நாலு பேர் வந்தார்கள். சீனு, தாரணி, பெயர் தெரியாத இன்னும் இரண்டு பேர். அன்னம்மாள் ஜெபம் சொன்னாள். சீனு செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றான். முடிந்து திரும்பும்போது அன்னம்மாள் எல்லோரையும் வீட்டுக்கு டீ சாப்பிட வரச் சொன்னாள். இரண்டு பேர் வேலை இருக்கிறது என்று விடைபெற்றார்கள். சீனுவும் தாரணியும் வந்தார்கள்.

வீட்டு வாசலில் சீனு சரளாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"நான் பேசினதுக்கு சாரி அக்கா. எனக்குத் தெரியாது. ஆனா பொய் சொல்லக்கூடாது, அந்தப் பாட்டு எனக்கு இன்னும் புடிக்கல. கேட்டா மனசு பேஜார் ஆயிடுது."

சரளா அவனைப் பார்த்தாள். இத்தனை வாரத்தில் யோசிக்காத ஒன்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. ஜெயராஜ் உயிரோடு இருந்திருந்தால் முன்வரிசையில் நின்றுகொண்டு, வேறு யாருடைய தம்பியைப் பற்றியோ வந்த அந்தப் பாட்டுக்கு நடுவே, 'பவர் கட்' என்று கத்தியிருப்பான்.

"அவனுக்கும் புடிச்சிருக்காது சீனு," என்றாள். "உள்ள வா."

அன்னம்மாள் டீயும் மிக்சரும் கொண்டுவந்து வைத்தாள். சீனுவுக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் மகன் அங்கே வந்து என்னதான் பண்ணுவான், எனக்கு ஒன்றும் தெரியாது, சொல் என்றாள். சீனு முதலில் கூச்சப்பட்டான். பிறகு சொல்ல ஆரம்பித்தான். ஒருதடவை சிவாஜிநகரில் ஷோ நடந்தபோது நிஜமாகவே கரண்ட் போய்விட்டதாம். மைக் வேலை செய்யவில்லை, சங்கமித்ரா திகைத்து நின்றுவிட்டாள். இருட்டில் ஜெயராஜ்தான் முதலில் பாட ஆரம்பித்தானாம், அடித்தொண்டையில். அவனைப் பார்த்து எல்லோரும் பாடி, கரண்ட் வரும்வரை விடவே இல்லையாம்.

"நல்லா பாடினானா?" என்று கேட்டாள் அன்னம்மாள்.

"இல்ல ஆன்ட்டி. கேவலமா பாடினான்."

பத்து வயதில் சர்ச் கொயரிலிருந்து அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று அன்னம்மாள் சொன்னாள். தாரணி சிரித்துவிட்டு, சிரித்ததற்காகப் பயந்துபோய் சரளாவைப் பார்த்தாள். சரளா மிக்சர் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். அப்புறம் என்ன ஆச்சு என்று அன்னம்மாள் சீனுவைக் கேட்டாள். அவன் டீயைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததைச் சொல்லத் தொடங்கினான்.